பிரெஸ்காட் போர் தெரியாத விவசாயியா?

திண்ணைவாசி | 4 ஆகஸ்ட், மாலை 6:12

அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷாரை எதிர்த்து நடந்த பங்கர் குன்றுச் சண்டையைப் பற்றிப் படிக்கிற இடத்திலெல்லாம் கர்னல் வில்லியம் பிரெஸ்காட்டை ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். மாசசூசெட்ஸின் பெப்பரெல் ஊர் விவசாயி, போர் அனுபவம் இல்லாதவர், ஒரே இரவில் மண்கோட்டை எழுப்பி, 1775 ஜூன் 17 அன்று அதன் மேட்டில் நின்று "எதிரியின் வெள்ளைவிழி தெரியும்வரை சுடாதீர்கள்" என்று கத்தினார், அதோடு கதை முடிந்தது. ஒரே ஒரு குறிப்பில் மட்டும், பின்னாளில் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தில் இருந்தார் என்று ஒற்றை வரி வருகிறது. இரண்டும் ஒரே ஆள்தானா? ஒரு விவசாயி எப்படி ஒரே இரவில் கோட்டை கட்டினார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொத்தளம் | 4 ஆகஸ்ட், இரவு 9:40

ஒரே ஆள்தான். ஆனால் அந்தச் சித்திரத்தில் பாதி தப்பு.

1726 பிப்ரவரியில் குரோட்டனில் பிறந்தவர். 1745இல் பிரெஞ்சுக்காரர்களின் லூயிஸ்பர்க் கோட்டையை நியூ இங்கிலாந்துக் குடிப்படை முற்றுகையிட்டபோது அவருக்கு வயது 19. அந்தப் படையில் இருந்தார். 1755இல் இன்னொரு பிரெஞ்சுக் கோட்டையான போசேஷூர் முற்றுகையிலும் இருந்தார். பங்கர் குன்றுக்கு வரும்போது 49 வயது. இரண்டு முற்றுகைகளைக் கண்ட ஆளைப் போர் தெரியாதவர் என்பது சரியில்லை.

விவசாயி என்பது உண்மை. அந்தக் காலத்து மாசசூசெட்ஸில் குடிப்படை அதிகாரி என்றால் சம்பளப் பட்டாளக்காரர் இல்லை. 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் சொந்தத் துப்பாக்கியோடு பயிற்சி நாளில் ஊர் மைதானத்தில் கூட வேண்டும், மற்ற நாளெல்லாம் வயல்வேலை. அதிகாரியும் அப்படித்தான். தன் கீழே நிற்பவனோடு மறுவாரம் வேலித் தகராறு பேச வேண்டியவர்.

கொத்தளம் | 4 ஆகஸ்ட், இரவு 10:25

லூயிஸ்பர்க்கைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அங்கே நடந்தது பெரும்பாலும் மண்வேலையும் இழுவையும்தான். சுமார் 4,000 நியூ இங்கிலாந்துக்காரர்கள். தலைவர் வில்லியம் பெப்பரெல் ஒரு வணிகர். கரையில் இறக்கிய பீரங்கிகளைச் சதுப்பு வழியே கொண்டுபோக வேண்டியிருந்தது. சக்கர வண்டி அச்சுவரை புதைந்தது. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த நதானியேல் மெசர்வ் 16 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள தட்டைச் சறுக்குப் பலகைகளைச் செய்தார். பீரங்கியை அதில் ஏற்றி, ஆட்கள் முழங்கால் சேற்றில் நின்று கயிற்றால் இழுத்தார்கள். பகலில் இழுத்தால் கோட்டையிலிருந்து சுடுவான், அதனால் இரவிலும் மூடுபனியிலும் வேலை. விடிவதற்குள் மண் போட்டு மறைப்புக் கட்ட வேண்டும்.

இருட்டில் வெட்டு, விடியுமுன் தலைக்கு மேல் மண் இருக்கட்டும். 19 வயதில் ஒருவன் கண்ணெதிரே பார்த்த பாடம் இது. 30 வருஷம் கழித்து அதே பாடத்தைத்தான் பிரெஸ்காட், பங்கர் குன்று இருக்கிற சார்ல்ஸ்டவுனில் செய்தார். பெப்பரெல் ஊருக்கு அந்தப் பெயர் வந்ததும் லூயிஸ்பர்க் தளபதியால்தான்.

மண்வாசனை | 5 ஆகஸ்ட், காலை 7:03

ஐயா, கட்டட வேலை பார்ப்பவன் என்பதால் கேட்கிறேன். ஒரே ராத்திரியில் எவ்வளவு மண் எடுத்திருக்க முடியும்? அளவு ஏதாவது இருக்கிறதா?

கொத்தளம் | 5 ஆகஸ்ட், காலை 11:50

இருக்கிறது. நம்பத்தக்க சாட்சி பிரெஸ்காட்டே எழுதிய கடிதம். 1775 ஆகஸ்ட் 25 அன்று கேம்பிரிட்ஜ் முகாமிலிருந்து ஜான் ஆடம்ஸுக்கு எழுதினார். வீராவேசம் ஒரு வரி கிடையாது. வேலை, ஆள் கணக்கு, வெடிமருந்துக் கணக்கு.

அவர் சொல்வது: ஜூன் 16 மாலை கட்டளை வந்தது. சுமார் 1,000 பேர். அதில் 300 பேர் அவருடைய ரெஜிமெண்ட், 200 பேர் கனெக்டிகட் ஆட்கள் (கேப்டன் தாமஸ் நோல்டன் தலைமை), மீதி மற்ற ரெஜிமெண்ட்களிலிருந்து. பொறியாளர் கோடு கிழித்துக் கொடுத்தார். இரவு 12 மணி வாக்கில் வெட்டத் தொடங்கினார்கள். சூரியன் உதிக்கச் சற்றுமுன் பீரங்கி அடி ஆரம்பித்தது. ஜூன் மாதம் அந்த ஊரில் சீக்கிரம் விடியும், ஆக கையில் இருந்தது நாலு மணி நேரம்.

அதற்குள் எழும்பியது பக்கத்துக்கு ஏறத்தாழ 130 அடி உள்ள சதுரக் காப்பரண். வெளியே வெட்டிய பள்ளத்து மண் உள்ளே கரையாக ஏறும்; ஆக ஒரே வெட்டில் பள்ளமும் சுவரும் கிடைக்கும். சுவர் ஆள் உயரத்துக்கு வந்தால் உள்ளே நிற்பவன் எட்டிச் சுட முடியாது, அதனால் உட்புறம் காலடிப் படி வேண்டும். மண்வேலை தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: புது மண் கெட்டிப்படாது, சரியும். ஆனால் பீரங்கிக் குண்டை வாங்கிக்கொள்ள இறுகிய சுவரைவிடத் தளர்ந்த மண் நல்லது. கல் தெறிக்கும், மண் விழுங்கிக்கொள்ளும்.

விடிந்ததும் இன்னொரு ஓட்டை தெரிந்தது. காப்பரணின் இடப்பக்கம், வடக்கே மிஸ்டிக் ஆறுவரை திறந்து கிடந்தது. அந்தப் பக்கமாகச் சுற்றி வந்தால் பின்னால் ஏறிவிடலாம். உடனே காப்பரணிலிருந்து வடக்கே 20 ராட் நீளத்துக்கு, அதாவது 300 அடிக்கு, ஒரு மார்புச்சுவர் வெட்டச் சொன்னார். அது பகல் வெளிச்சத்தில், குண்டு மழையில் நடந்த வேலை.

மண்வாசனை | 5 ஆகஸ்ட், மதியம் 1:15

20 ராட் என்றால் 330 அடி வரும் ஐயா. ஒரு ராட் பதினாறரை அடி.

கொத்தளம் | 5 ஆகஸ்ட், மதியம் 1:32

சரி, 330தான். ராட்டை 15 அடியாகப் போட்டுவிட்டேன். நன்றி. அப்படியானால் ஆற்றுப் பக்கம் நோல்டனும் நியூ ஹாம்ப்ஷயர்காரர்களும் நின்ற வேலியைக் கடிதம் காப்பரணிலிருந்து 60 ராட் தூரம் என்பதும் 990 அடி. மார்புச்சுவருக்கும் வேலிக்கும் நடுவே இடைவெளி விழுந்ததன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

சுவடி | 6 ஆகஸ்ட், இரவு 8:20

கட்டளை பங்கர் குன்றுக்குத்தானே? வெட்டியது பிரீட் குன்றில். இருட்டில் இடம் மாறிவிட்டது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கொத்தளம் | 6 ஆகஸ்ட், இரவு 10:05

இடம் மாறியது என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஜூன் 15 அன்று மாசசூசெட்ஸ் பாதுகாப்புக் குழு எடுத்த முடிவில் பங்கர் குன்று என்றுதான் இருக்கிறது. ஆனால் பிரெஸ்காட்டின் கடிதம், பிரீட் குன்றுக்குப் போகக் கட்டளை வந்தது என்று நேராகச் சொல்கிறது. பொறியாளரும் மற்ற அதிகாரிகளும் கூட இருந்தார்கள், கோடு கிழித்துத்தான் வெட்டினார்கள். வழி தவறிய ஆட்கள் செய்கிற வேலை இல்லை இது.

எது நல்ல இடம் என்பது வேறு கேள்வி. பங்கர் உயரம் அதிகம், சார்ல்ஸ்டவுன் தீபகற்பத்தின் கழுத்துக்குப் பக்கம், பின்வாங்க வழி உண்டு. ஆனால் அங்கிருந்து பிரிட்டிஷார் கையில் இருந்த பாஸ்டன் தூரம். பிரீட் தாழ்வு, பாஸ்டனுக்கு நெருக்கம். அங்கே பீரங்கி ஏற்றினால் துறைமுகத்தையே மிரட்டலாம். அதனாலேயே பிரிட்டிஷார் சும்மா இருக்க முடியாது. சண்டையை இழுக்கிற இடம் பிரீட், தாக்குப்பிடிக்கிற இடம் பங்கர். இரண்டையும் சேர்த்து வெட்டியிருந்தால் முழுமை. பின்னால் இருந்த பங்கரில் கனெக்டிகட் ஜெனரல் இஸ்ரேல் புட்னம் மண்வேலை தொடங்கப் பார்த்தார். அதற்காகவே காப்பரணிலிருந்து மண்வெட்டிகளை எடுத்துப் போகக் கேட்டார். கருவியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று பிரெஸ்காட் சொன்னார் என்பார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை.

திண்ணைவாசி | 7 ஆகஸ்ட், காலை 6:40

அப்போ அந்த "வெள்ளைவிழி" வசனம்?

கொத்தளம் | 7 ஆகஸ்ட், காலை 9:18

கடிதத்தில் இல்லை. அந்த வசனத்தைப் பிரெஸ்காட், புட்னம், நியூ ஹாம்ப்ஷயர் கர்னல் ஸ்டார்க், பொறியாளர் கிரிட்லி என்று ஆளுக்கொருவர் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். ஐரோப்பியப் படைகளில் ஏற்கெனவே புழங்கிய பேச்சு அது.

கடிதத்தில் இருப்பது அதைவிடப் பயனுள்ளது. மருந்து ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் சுடுவதை நிறுத்தச் சொன்னேன். எதிரி 30 கஜத்துக்குள் வந்ததும் சுட்டோம். அவர்கள் 150 கஜம்வரை பின்வாங்கித்தான் மறுபடி அணிவகுக்க முடிந்தது என்கிறார். ஆக நெருங்கவிட்டுச் சுட்டதற்குக் காரணம் மருந்துத் தட்டுப்பாடு. வீரத்தைச் சேர்த்தது பின்னால் வந்தவர்கள்.

30 கஜம் ஏன்? அந்தத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பு, மரையில்லை. குண்டு குழலைவிடச் சிறியது, உள்ளே தட்டித் தட்டி வெளியே வரும். 100 கஜத்தில் ஒரு ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம். 30 கஜத்தில் நெருக்கமான வரிசைமேல் தாழ்வாகச் சுட்டால் தப்பாது. தாழ்வாக ஏன் என்றால், மேட்டிலிருந்து கீழே சுடுகிறவனுக்குக் குண்டு தலைக்கு மேல் போவதுதான் வழக்கம்.

இன்னொரு சங்கடம். அவனவன் வீட்டுத் துப்பாக்கி: ஒன்று பறவை சுடுகிற நீளக்குழல், ஒன்று பழைய பிரெஞ்சுக் கொள்ளை, ஒன்று அரசாங்கச் சரக்கு. குழல் வாய் ஒவ்வொன்றும் ஒரு அளவு. மருந்தைப் பங்கு போடலாம், குண்டைப் பங்கு போட முடியாது. கடைசியில் பீரங்கித் தோட்டாக்களைப் பிரித்து மருந்தை ஆட்களுக்குக் கொடுத்தார்கள் என்றால் நிலைமை புரியும். துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயோனெட்டும் மிகக் குறைவு. "பயோனெட் வெகு சிலவே இருந்ததால் எதிர்க்க முடியவில்லை" என்பது அவர் கருத்து. மூன்றாம் முறை ஏறி வந்தவர்களை நாட்டுத் துப்பாக்கிக் கட்டையால் அடிப்பதைத் தவிர வழியில்லை.

பிரிட்டிஷ் பக்கமும் தவறு உண்டு: 6 பவுண்டு பீரங்கிகளுக்கு 12 பவுண்டு குண்டுகள் வந்து சேர்ந்தன.

கொத்தளம் | 7 ஆகஸ்ட், காலை 9:30

விட்டுப்போனது: துப்பாக்கிச் சண்டை தொடங்கியபின் காப்பரணை ஒரு மணி இருபது நிமிஷம் வைத்திருந்தோம் என்கிறார். உள்ளே இருந்தது "ஒருவேளை 150 பேர்". பிரிட்டிஷ் இழப்பு 1,054. அதில் 226 பேர் சாவு. குடிப்படைப் பக்கம் சுமார் 450.

சுவடி | 8 ஆகஸ்ட், மாலை 5:55

1,000 பேர் வந்து 150 ஆனது எப்படி? ஓடிவிட்டார்களா?

கொத்தளம் | 8 ஆகஸ்ட், இரவு 9:10

பல வழிகளில். கருவி தூக்கிப் போனவர்களைச் சொன்னேன். இரண்டு பீரங்கியையும் கனெக்டிகட் ஆட்களையும் கரையிறங்கும் எதிரியைத் தடுக்க அனுப்பினார். பீரங்கிக்காரர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். லெப்டினன்ட் கர்னல் ராபின்சனையும் மேஜர் உட்ஸையும் சிறு பிரிவுகளோடு பக்கவாட்டுக்கு அனுப்பினார். அவர்கள் நன்றாக நடந்துகொண்டார்கள் என்று எழுதுகிறார். மற்ற ரெஜிமெண்ட் அதிகாரிகள் "உடல்நலமில்லாமல்" உதவவில்லை, அவர்கள் ஆட்களில் பெரும்பாலோர் விட்டுப் போனார்கள். பொறியாளர் என்னைக் கைவிட்டார் என்றும் ஒரு வரி.

இரவெல்லாம் வெட்டியவர்கள், தண்ணீரும் சோறும் சரியாக வரவில்லை, மாற்று ஆளும் வரவில்லை. விடியலில் பில்லரிக்காவைச் சேர்ந்த ஏசா போலார்ட் பீரங்கிக் குண்டில் செத்தபோது பலர் கலங்கினார்கள். உடனே புதைக்கச் சொல்லிவிட்டு, பிரெஸ்காட் மண்சுவர்மேல் ஏறி நடந்தார். பார்க்க வீம்பு மாதிரி இருக்கும். ஆனால் குடிப்படைக் கர்னலிடம் வேறு கருவி என்ன இருந்தது? பட்டாளத்தில் ஓடுகிறவனைச் சுட உத்தரவு உண்டு, கசையடி உண்டு. இங்கே நிற்பவன் ஊர்க்காரன், நாளைக்கு வோட்டுப் போடுகிறவன். அவனை நிற்கவைக்கத் தான் முன்னே நிற்பதுதான் வழி. என் கணக்கில் பிரெஸ்காட்டின் வாழ்க்கை முழுக்க இந்த ஒரு சங்கதிதான்: கட்டாயப்படுத்த அதிகாரமில்லாத தலைமை.

திண்ணைவாசி | 9 ஆகஸ்ட், காலை 8:00

வோட்டா? கர்னலை வோட்டுப் போட்டா தேர்ந்தெடுத்தார்கள்?

கொத்தளம் | 9 ஆகஸ்ட், இரவு 7:45

1774க்கு முன் கவர்னர்தான் நியமனம் கொடுப்பார். 1774 அக்டோபரில் மாகாணக் காங்கிரஸ், அதாவது ஊர்ப் பிரதிநிதிகள் தாங்களே கூட்டிய சபை, முறையை மாற்றியது: கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கட்டும், அந்த அதிகாரிகள் கூடி ரெஜிமெண்ட் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றது. நான்கில் ஒரு பங்கு ஆட்களைத் தனியே பிரித்து, கூப்பிட்ட நிமிஷம் கிளம்பும் கம்பெனிகளாக்கவும் சொன்னது. அதே முறைதான் 1780 மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்திலும் ஏறியது. கேப்டனைக் கம்பெனியின் ஆட்கள் எழுத்து வோட்டில் தேர்வார்கள். ரெஜிமெண்ட் அதிகாரிகளைக் கேப்டன்களும் அவர்களின் கீழ் அதிகாரிகளும் தேர்வார்கள்.

சட்டமன்றமும் அதே சட்டத்தின்படி, அதே ஊர்க்கூட்டத்திலிருந்து. வரி கட்டும் ஆண்கள் 150 பேர் உள்ள ஊருக்கு ஒரு பிரதிநிதி. 375 ஆனால் இரண்டு. அதன்பின் 225க்கு ஒன்று. தேர்தல் ஆண்டுதோறும் மே மாதம். வோட்டுப் போட, ஆண்டுக்கு 3 பவுண்டு வருமானம் தரும் நிலமோ 60 பவுண்டு சொத்தோ வேண்டும். பிரதிநிதியாக நிற்க 100 பவுண்டு நிலமோ 200 பவுண்டு சொத்தோ. ஒரு கூட்டத்தொடருக்கு ஒருமுறை போய்வரும் செலவை அரசு தரும், தங்கும் நாட்களின் கூலி ஊர் தலையில். அதனால் சிறு ஊர்கள் செலவுக்குப் பயந்து ஆளே அனுப்பாமல் விட்ட ஆண்டுகள் உண்டு. இது முக்கியம், பின்னால் வரும்.

பிரெஸ்காட் 1776 முடியும்வரை நியூயார்க் பக்கம் தன் 7ஆம் கண்டப்படை (குடியேற்றங்களின் பொதுப்படை) ரெஜிமெண்டோடு இருந்தார். கவர்னர்ஸ் தீவிலிருந்து பின்வாங்கியது அதில் அடங்கும். 1777இல் சாரடோகா சண்டைக்குத் தன்னார்வலராகப் போனார். பிறகு பெப்பரெல், வயல், சட்டமன்றம்.

சுவடி | 10 ஆகஸ்ட், மதியம் 12:30

கொத்தளம் ஐயா, ஒரு திருத்தம். பொறியாளர் கைவிட்டார் என்றால் ரிச்சர்ட் கிரிட்லியைத்தானே சொல்கிறார்? கிரிட்லி அன்றைக்கே சண்டையில் காயம்பட்டவர்.

கொத்தளம் | 10 ஆகஸ்ட், இரவு 8:50

நியாயம். கடிதத்தில் பெயர் இல்லை. கோடு கிழித்தவர் கிரிட்லி என்பதால் பலரும் அவரையே நினைக்கிறார்கள். விடியலில் அவர் காப்பரணில் இல்லை, ஆனால் சண்டை நேரத்தில் திரும்பி வந்து துப்பாக்கிக் குண்டு பட்டார். 60 வயதைத் தாண்டியவர். லூயிஸ்பர்க்கில் பீரங்கி வேலை பார்த்துப் பேர் வாங்கியவரும் அவரே. பிரெஸ்காட் அந்தக் கடிதத்தைச் சூடு ஆறாமல் எழுதியிருக்கிறார். நான் அதை அப்படியே எடுத்தது தப்பு.

மண்வாசனை | 11 ஆகஸ்ட், காலை 6:25

நம்ம பக்கம் ஏதாவது தொடர்பு உண்டா இந்தச் சண்டைக்கு?

கொத்தளம் | 11 ஆகஸ்ட், காலை 10:40

உண்டு. பிரெஸ்காட்டின் காப்பரண்மேல் ஏறிய பிரிட்டிஷ் 5ஆம் ரெஜிமெண்ட் கிரெனேடியர் கம்பெனியின் கேப்டன் ஜார்ஜ் ஹாரிஸ். மண்சுவரருகே தலையில் குண்டு பட்டு விழுந்தார். அவருடைய லெப்டினன்ட் ராடன் பிரபு அவரை அப்புறப்படுத்தச் செய்து கம்பெனியை நடத்தினார். மண்டையோட்டில் துளையிட்டுச் சிகிச்சை. கண்ணாடி வைத்துத் தன் மூளையைத் தானே பார்த்தார்.

அந்த ஹாரிஸ்தான் 1798இல் சென்னையின் தற்காலிக கவர்னர். 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து படையோடு கிளம்பி மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஜெனரலும் அவரே. ராடன் 1813இல் கவர்னர் ஜெனரலாக வந்த ஹேஸ்டிங்ஸ் பிரபு.

சுவடி | 12 ஆகஸ்ட், இரவு 9:30

சட்டமன்ற விஷயத்தை விட்டுவிட்டீர்கள். 1786 ஷேஸ் கலகத்தில் பிரெஸ்காட் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். கடனில் முங்கிய விவசாயிகளுக்கு எதிராக ஒரு விவசாயி. எனக்கு அது உறுத்துகிறது.

கொத்தளம் | 13 ஆகஸ்ட், இரவு 11:15

உறுத்த வேண்டியதுதான்.

போர்க் கடனை அடைக்க மாநிலம் போட்ட வரி கனமானது, காசாகக் கட்டச் சொன்னது. காசு புழக்கத்தில் இல்லை. கடன் கொடுத்தவன் வழக்குப் போட்டால் மாடும் நிலமும் ஏலம். 1786 செப்டம்பர் 12 அன்று கான்கார்டில் நீதிமன்றத்தைக் கூடவிடாமல் தடுத்தவர்களின் தலைவர் ஜோப் ஷாட்டக், குரோட்டன்காரர். பிரெஸ்காட் பிறந்த ஊர், பெப்பரெலுக்கு அடுத்த ஊர். 60 வயதில் பிரெஸ்காட் வாளைக் கட்டிக்கொண்டு நீதிமன்றத்தின் பக்கம் நின்றார். நவம்பர் 30 அன்று ஷாட்டக் முழங்காலில் வாள்வெட்டோடு பிடிபட்டார். தூக்குத் தண்டனை, பிறகு 1787இல் மன்னிப்பு.

பிரெஸ்காட்டுக்காகச் சொல்லத்தக்கது: 1774 செப்டம்பரில் இதே கான்கார்டில் அரசரின் நீதிமன்றத்தை மக்கள் மூடினார்கள், அவர் அந்த மக்களின் பக்கம். அப்போது சட்டம் லண்டனில் ஆனது, கேட்க ஊருக்கு வாய் இல்லை. 1786இல் சட்டம் செய்த சபையில் அவரே ஊர் அனுப்பிய ஆளாக இருந்தவர். பிடிக்காவிட்டால் மே மாதம் ஆளை மாற்றலாமே என்பது அவர் தரப்பு.

கொத்தளம் | 14 ஆகஸ்ட், காலை 7:20

ராத்திரி எழுதியதை மறுபடி படித்தேன். கூலி கொடுக்க முடியாமல் பிரதிநிதி அனுப்பாத ஊர்களை நானே 9ஆம் தேதி சொன்னேன். 60 பவுண்டு சொத்து இல்லாதவனையும் சேர்த்துப் பாருங்கள். "மே மாதம் மாற்றலாமே" என்பது அவனுக்குப் பதில் ஆகாது. அவனும் பழைய படைவீரனாக இருந்திருப்பான், பல பேர் அப்படித்தான். பிரெஸ்காட் காப்பரணில் 150 பேரைக் கட்டாயமில்லாமல் நிறுத்தியதை மதிக்கிறேன். 1786இல் அதே மாதிரி ஆட்களை வாளால் நிறுத்தப் போனவர் பக்கம் நான் நிற்க மாட்டேன்.

திண்ணைவாசி | 14 ஆகஸ்ட், காலை 8:05

அவர் எப்போது இறந்தார்?

கொத்தளம் | 14 ஆகஸ்ட், காலை 8:30

1795 அக்டோபர் 13, பெப்பரெலில். அவர் வாள் இன்னும் இருக்கிறது. பேரன், வரலாற்றாசிரியர் வில்லியம் ஹிக்லிங் பிரெஸ்காட், மணந்த பெண் கேப்டன் ஜான் லின்சியின் பேத்தி. லின்சி அன்றைக்கு ஃபால்கன் கப்பலிலிருந்து காப்பரண்மேல் பீரங்கி அடித்தவர். இரண்டு தாத்தாக்களின் வாளையும் பேரன் தன் நூலக அறைச் சுவரில் குறுக்காக மாட்டியிருந்தார். இப்போது மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன.